சைக்கிள் மிதிக்கும் அப்பாவால் ஏன் நடக்க முடியவில்லை?

கேள்வி:

மதிப்புக்குரிய டொக்டர் ஐயாவுக்கு, கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து எழுதுகிறேன். ஆசிரியையாக இருக்கிறேன். அப்பாவுக்கு 67 வயது. நான்கு ஏக்கர் வயல் செய்கிறார். 11 வருடமாக நீரிழிவு உண்டு. இரண்டு வருடமாக அவரால் வீட்டிலிருந்து சந்திக் கடைவரை ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. பாதி வழியில் இரண்டு கால்களும் கனத்து, தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை எரிவெடுத்து, மதகுக் கட்டில் உட்கார்ந்துவிடுகிறார். ஐந்து நிமிடத்தில் எழுந்து மறுபடி நடக்கிறார். அதே மனிதர் மூன்று மைல் தள்ளியிருக்கும் வயல் வட்டைக்குச் சைக்கிளில் போய் வருகிறார். அதனால் அம்மா, "கடைக்குப் போகச் சொன்னால் மட்டும்தான் உங்களுக்குக் கால் வலிக்கும்" என்று ஏசுகிறார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில், நாரியில், அதாவது கீழ் முதுகில், 4ஆம் 5ஆம் முள்ளென்புகளுக்கிடையே நரம்புக் குழாய் கடுமையாக ஒடுங்கியிருக்கிறது என்று அறிக்கை வந்தது. சத்திரசிகிச்சை செய்யலாம் என்றார்கள். முதுகில் கத்தி வைத்தால் ஆள் படுக்கைதான் என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். கட்டாரில் இருக்கும் அண்ணா, பணம் அனுப்புகிறேன், உடனே கொழும்பில் தனியார் வைத்தியசாலையில் செய்யுங்கள் என்கிறார். பக்கத்து வீட்டு மாமா இதைச் செய்துகொண்டும் நாரி வலி போகவில்லை என்கிறார். முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர், எண்ணெய் போட்டு நெட்டி எடுத்தால் எலும்பு இடத்துக்கு வந்துவிடும் என்கிறார். நாங்கள் என்ன செய்வது? சத்திரசிகிச்சை செய்தால் அப்பா மறுபடி வயலில் இறங்குவாரா? பாத விறைப்புப் போகுமா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

முதலில் அம்மாவைப் பக்கத்தில் இருத்தி இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள். அப்பா நடிக்கவில்லை. நடந்தால் வருகிற வலி சைக்கிளில் வராமல் இருப்பதுதான் அவருடைய வருத்தத்தின் அடையாளமே. எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பே, நீங்கள் எழுதிய அந்த மதகுக் கட்டும் சைக்கிளும் நோயைச் சொல்லிவிட்டன. இரண்டு வருடமாக அவர் வலியோடு சேர்த்து வீட்டாரின் சந்தேகத்தையும் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். அதை இன்றைக்கே இறக்கி வைத்துவிடுங்கள்.

நாரியில் ஐந்து முள்ளென்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் எலும்பாலான ஒரு வளையம். அந்த வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் நடுவே ஒரு குழாய் உண்டாகிறது. கால்களுக்கும் சலப்பைக்கும் போகிற நரம்புகள் அதற்குள்ளால் இறங்குகின்றன. வயது ஏற ஏற, முன்பக்கத்திலிருந்து முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டு புடைத்து வருகிறது. பக்கங்களிலுள்ள சிறு மூட்டுகள் தேய்ந்து தடிக்கின்றன. பின்பக்கத்தில் வளையத்துக்கு வளையம் ஓடுகிற மஞ்சள் நிற நாண் ஒன்று தடித்துப்போகிறது. மதகுக்கு அடியில் மண் சேர்ந்து, தண்ணீர் போகிற வழி குறுகுவதைப் போன்றதுதான். இது ஒரு நாளில் நடந்ததல்ல. இருபது முப்பது வருடத்து வேலை.

இனிச் சைக்கிளுக்கு வருவோம். நாம் நிமிர்ந்து நிற்கும்போதும் நடக்கும்போதும் நாரி சற்றுப் பின்னால் வளைகிறது. அப்போது அந்தத் தடித்த நாண் மடிந்து குழாய்க்குள் தள்ளும். ஏற்கெனவே ஒடுங்கிய வழி இன்னும் ஒடுங்கும். நரம்புகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் நசுங்கும். நடக்கிற கால்களுக்கு வேலை சொல்லவேண்டிய நேரத்தில் நரம்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும். கனம், எரிவு, விறைப்பு, கால் ஏலாமை எல்லாம் அதனால் வருபவை. உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ நாண் இழுபட்டு விரியும், குழாய் அகலும், சில நிமிடத்தில் வலி இறங்கும். சைக்கிளில் கைபிடியைப் பற்றியபடி முன்னால் சாய்ந்துதானே மிதிக்கிறோம்? அப்பாவின் நரம்புகளுக்கு அது நல்ல நிலை. தான்தோன்றீஸ்வரர் கோயில் தேரன்று அவரைக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்: கூட்டத்தில் நிமிர்ந்து நிற்க முடியாமல் எங்காவது ஒரு சுவரைத் தேடிச் சாய்ந்திருப்பார், அல்லது நேரத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பார். கடை மேசையில் முழங்கையை ஊன்றிக் கதைத்துக்கொண்டு நிற்கிற வயதானவர்கள் சிலருக்கும் காரணம் இதுதான். 1954இல் இந்த ஒடுக்கத்தைத் தெளிவாக விவரித்து எழுதியவர் ஹென்க் வெர்பீஸ்ட் என்ற நெதர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர். நின்றாலும் நடந்தாலும் கால்களில் வலி வருவதும், ஓய்வில் போய்விடுவதும் அவர் சொன்ன அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் அவை அப்படியே இருக்கின்றன.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு 11 வருடமாக இருப்பவருக்குக் காலின் இரத்தக் குழாய் அடைபட்டும் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கலாம். ஆனால் அந்த வலி சைக்கிள் மிதித்தாலும் வரும், ஏனென்றால் தசை வேலை செய்கிறது; குனியத் தேவையில்லாமல், சும்மா நின்றாலே போய்விடும். அப்பாவுக்கு உட்கார வேண்டியிருக்கிறது, சைக்கிளில் வலி இல்லை. ஆகவே நரம்புப் பக்கம்தான் சாய்கிறேன். என்றாலும் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதுண்டு. பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து வைத்தியர் நாடி பார்த்தாரா என்று அப்பாவிடம் கேளுங்கள். பார்க்கவில்லையென்றால் அடுத்த கிளினிக்கில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்து வேலை.

"கடுமையான ஒடுக்கம்" என்ற சொல்லைக் கண்டு அண்ணா பதறியிருப்பார். அந்தச் சொல் குழாயின் அகலத்தை மட்டும் சொல்கிறது. எந்த வலியும் இல்லாத 60 வயது தாண்டியவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும் கணிசமானவர்களுக்கு ஒடுக்கம் தெரியும். சத்திரசிகிச்சை தேவையா என்பதை நான் அறிக்கையின் அந்த வரியிலிருந்து தொடங்குவதில்லை. அவர் எவ்வளவு தூரம் நடக்கிறார், அதனால் எவற்றையெல்லாம் விட்டுவிட்டார், அவற்றில் எது அவருக்கு வேண்டும் என்பவற்றிலிருந்துதான் தொடங்குகிறேன். படம் அதற்குப் பிறகு, எந்த இடத்தில் திறப்பது என்று எனக்கு வழிகாட்ட உதவும்.

உடனே செய்யாவிட்டால் படுக்கையில் விழுந்துவிடுவாரா? நாரியில் மெல்ல மெல்ல வந்த ஒடுக்கம் ஓர் இரவில் ஆளை முடக்குவது மிக அரிது. பலருக்கு வருடக்கணக்கில் ஏறத்தாழ அதே அளவில் நிற்கும். சிலருக்கு மெதுவாகக் கூடும். சிலருக்குக் கொஞ்சம் குறைவதும் உண்டு. ஆகவே யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் ஒரு விடயத்தில் மட்டும் ஒரு மணி நேரமும் யோசிக்கக்கூடாது. அதைச் சொல்ல எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் புதிதாக வேலைக்கு வந்திருந்த காலம். மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் இன்னும் இல்லை. அது 2014இல்தான் திறக்கப்பட்டது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து, ஓடத்துக்குக் காத்திருந்து, நாற்பது வயதுக்குக் கிட்டிய ஒரு தாயைக் கொண்டுவந்தார்கள். நாரியிலும் இரண்டு கால்களிலும் தாங்கமுடியாத வலி. கால்களின் பலத்தைப் பார்த்தேன், முழங்காலைத் தட்டிப் பார்த்தேன், வலிக்கு ஊசி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் வயதான தாதி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, அந்தப் பிள்ளைக்கு முந்தாநாளிலிருந்து சலம் போகவில்லை, அடிவயிறு வீங்கியிருக்கிறது, உங்களிடம் சொல்ல வெட்கப்படுகிறது என்றார். பெரிய தட்டு ஒன்று பிதுங்கி நரம்புக் கட்டு முழுவதையும் அமுக்கியிருந்தது. சத்திரசிகிச்சை நடந்தது, ஆனால் பிந்திவிட்டது. கால்கள் திரும்பின. சலம் கட்டுப்படுத்தும் சக்தி முழுமையாகத் திரும்பவேயில்லை. அவர் சொல்லவில்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து நாரி வலி என்று வருகிற ஒவ்வொருவரிடமும், பக்கத்தில் யார் நின்றாலும், சலத்தையும் மலத்தையும் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை.

ஆகவே மகள், நீங்கள் அப்பாவிடம் கேட்க வேண்டும். உங்களுக்குக் கூச்சமென்றால் அம்மா கேட்கட்டும். சலம் வர முக்க வேண்டியிருக்கிறதா, போவது தெரியாமல் போகிறதா, மலம் போவது தெரியாமல் இருக்கிறதா, சைக்கிள் ஆசனத்தில் படும் இடத்தில் உணர்வு மங்கியிருக்கிறதா, ஒரு பாதம் திடீரென்று தூக்க முடியாமல் பெருவிரல் தரையில் இழுபடுகிறதா? இவற்றில் எது புதிதாக வந்தாலும் அது இரவாக இருந்தாலும் மழையாக இருந்தாலும் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக்கூடாது. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அவசரப் பிரிவில் போய், "நாரி வருத்தம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சலம் போகவில்லை" என்று முதல் வாயிலேயே சொல்லுங்கள். புரஸ்தகோளம் (புரொஸ்டேட் சுரப்பி) வீங்கியும் இந்த வயது ஆண்களுக்குச் சலம் தடைப்படுவதுண்டு. அதைப் பிரித்துப் பார்ப்பது வைத்தியரின் வேலை. வீட்டிலிருந்து நாமே முடிவெடுக்கக்கூடாது. நாரி வலியோடு காய்ச்சலோ, காரணமில்லாத மெலிவோ இருந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

அம்மாவின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். நம் பகுதியில் முள்ளந்தண்டு என்றாலே யார் நினைவுக்கு வருகிறார்கள்? போர்க்காலத்தில் குண்டுச் சிதறல் பட்டவர்கள், தென்னையிலிருந்து விழுந்தவர்கள், சக்கர நாற்காலியிலும் படுக்கைப் புண்ணோடும் வருடங்களைக் கழித்தவர்கள். ஒவ்வோர் ஊரிலும் அப்படி ஒருவரையாவது எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு நடந்தது வேறு. மூளையிலிருந்து இறங்கி வருகிற முண்ணாண் அவர்களுக்கு அடிபட்டது. வளர்ந்தவர்களில் அந்த முண்ணாண், நாரியின் 1ஆம் 2ஆம் முள்ளென்பு மட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அப்பாவுக்கு ஒடுக்கம் இருப்பது 4க்கும் 5க்கும் இடையில். அங்கே முண்ணாண் இல்லை. அதிலிருந்து பிரிந்த நரம்பு வேர்கள்தான் நீர் நிறைந்த உறைக்குள் குதிரை வாலைப் போலத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு வேருக்குக் காயம் வந்தால் பாதம் பலவீனமாகலாம், ஓரிடம் மரத்துப்போகலாம். அந்த ஆபத்து உண்டு, ஆனால் அரிது. அம்மா பயப்படுகிறபடி இடுப்புக்குக் கீழே முழுவதும் செயலிழப்பது இந்த மட்டத்துச் சத்திரசிகிச்சையில் மிக மிக அரிது.

செய்வது என்னவென்று சொல்கிறேன். முழு மயக்கம் கொடுத்து, குப்புறப் படுக்கவைத்து, நாரியின் நடுவில் சில அங்குல நீளத்துக்குத் திறக்கிறோம். தசையை ஓரமாக ஒதுக்கி, வளையத்தின் கூரைபோன்ற பகுதியில் வேண்டிய அளவை எடுக்கிறோம். அதன் அடியில் தடித்துக் கிடக்கும் மஞ்சள் நாணை, நரம்புறையிலிருந்து கவனமாகப் பிரித்து எடுக்கிறோம். நசுங்கித் தட்டையாகக் கிடந்த உறை, வழி கிடைத்ததும் மெல்ல உப்பி, துடிக்கத் தொடங்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்தக் கணம் எனக்குப் பழகிப்போகவில்லை. நரம்பை வெட்டுவதில்லை, எடுப்பதில்லை; நரம்பின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை மட்டும்தான் எடுக்கிறோம்.

ஆபத்துகளையும் மறைக்கமாட்டேன். உறை மெல்லியது, நூற்றில் சிலருக்கு அது கிழிந்து நீர் கசியும். அங்கேயே தைத்துவிடலாம், ஆனால் சில நாட்கள் கூடுதலாகப் படுக்க வேண்டிவரலாம். கிருமித் தொற்று வரலாம், நீரிழிவு உள்ளவருக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதல். கால் நாளங்களில் இரத்தம் உறையலாம். வயதானவர்கள் மயக்க மருந்துக்குப் பின் ஓரிரு நாள் தடுமாறிப் பேசலாம். திறந்த இடத்தில் இரத்தம் கட்டி நரம்பை மறுபடி அமுக்குவதும் அரிதாக நடக்கும். அன்றிரவு தாதிமார் தூங்கவிடாமல் வந்து வந்து, "பாதத்தை ஆட்டுங்கள்" என்று கேட்பார்கள். அப்பா சினந்துகொள்ள வேண்டாம், அதற்காகத்தான் கேட்கிறார்கள்.

இனிப் பக்கத்து வீட்டு மாமாவின் கதை. அவருடைய கிளினிக் கொப்பியைப் பார்க்காமல் அவருக்கு நடந்ததை நான் சொல்ல முடியாது. ஆனால் இப்படிச் சொல்பவர்களைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். இந்தச் சத்திரசிகிச்சை கால்களுக்கானது. நடக்கும்போது கால்களில் வருகிற கனத்தையும் எரிவையும் குறைத்து, நடக்கிற தூரத்தைக் கூட்டுவதுதான் அதன் வேலை. அதை அது நன்றாகவே செய்கிறது. காலையில் எழும்பும்போது நாரி பிடித்துக்கொள்வது, நாள் முழுக்க நாற்று நட்டபின் முதுகு உளைவது, தேய்ந்த மூட்டுகளின் வலி, இவற்றை அது எடுத்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக்கூடாது. கால் வலிக்காகச் செய்துகொண்டவர் பெரும்பாலும் திருப்தியோடு இருப்பார். நாரி வலிக்காகச் செய்துகொண்டவர் ஏமாந்து நிற்பார். அப்பாவிடம் கேளுங்கள்: "நாரி, கால் இரண்டில் ஒன்றின் வலியை மட்டும் எடுத்துவிடலாமென்றால் எதை எடுக்கச் சொல்வீர்கள்?" கால் என்றால் நாம் சரியான பாதையில் இருக்கிறோம்.

பாத விறைப்பு இதைவிடச் சிக்கலானது. காலுறை போட்டதுபோல் இரண்டு பாதங்களும் ஒரே அளவில் மரத்து, இரவில் படுத்திருக்கும்போதும் எரிந்தால் அது நீரிழிவு நரம்புகளைத் தின்றதன் விளைவாக இருக்கலாம். நாரியைத் திறந்து அதைச் சரிசெய்ய முடியாது. நடக்கும்போது கூடி, உட்காரும்போது குறைகிற விறைப்பென்றால் நம்பிக்கை உண்டு. அப்போதும் வலி போகிற வேகத்தில் விறைப்புப் போகாது. மாதங்கள் செல்லும், ஒரு பகுதி மிஞ்சியும் விடலாம். உங்கள் கேள்வியில் பாதி அளவுக்குத்தான் "ஆம்" சொல்கிறேன் என்று தெரியும். பாதி நம்பிக்கையோடு மேசையில் ஏறுகிறவர் பிறகு மனம் உடைவதில்லை. அதனால்தான் இதைத் திறந்து சொல்கிறேன். வேறொன்றும் உண்டு. அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட, சோறு பிசைய விரல்கள் தடுமாறுகின்றனவா? கால்கள் வலியில்லாமலே தள்ளாடுகின்றனவா? அப்படியென்றால் கழுத்துப் பகுதியையும் பார்க்க வேண்டும். அங்கே அமுக்கப்படுவது முண்ணாண், அவசரமும் வேறு.

கத்தியில்லாமல் முயன்று பார்க்கலாமா? தாராளமாகப் பார்க்கலாம். 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சத்திரசிகிச்சைக்கு ஒப்புக்கொண்டவர்களையே இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குச் சத்திரசிகிச்சையும் மற்றவர்களுக்கு இயன்மருத்துவமும் (பிசியோதெரபி) கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருட முடிவில் இரு சாராரின் செயற்பாட்டிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இயன்மருத்துவக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இடையில் சத்திரசிகிச்சைக்கு மாறிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை. எனவே அப்பா ஏற்கெனவே முறையாக உடற்பயிற்சி செய்து பார்க்காதவர் என்றால், இயன்மருத்துவரிடம் ஆறு தொடக்கம் பன்னிரண்டு வாரம் போகட்டும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைப்பது, வயிற்றுத் தசைகளைப் பலப்படுத்துவது போன்றவற்றைச் சொல்லித் தருவார்கள். சைக்கிளை நிறுத்த வேண்டாம், அதுவும் பயிற்சிதான். முள்ளந்தண்டில் ஊசி போடலாமா என்று யாராவது கேட்டால், கிடைக்கும் சுகம் பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான், அதிலுள்ள ஸ்டீரோயிட் சீனியை ஏற்றிவிடும் என்பதை அறிந்து முடிவெடுங்கள். டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் பார்மசியில் தாங்களாகவே வாங்கிப் போடுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நீரிழிவோடு அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் எனக்கு மரியாதை உண்டு. கை கால் சுளுக்குக்கு அவர்கள் போடும் பத்தும் எண்ணெயும் பலருக்கு ஆறுதல் தந்திருக்கின்றன. அப்பாவின் நாரியில் எண்ணெய் தடவி இதமாகத் தேய்ப்பதில் குற்றமில்லை. ஆனால் நெட்டி எடுக்கவோ, முழங்காலால் முதுகை அமுக்கவோ, இழுத்து முறுக்கவோ விடாதீர்கள். இங்கே எலும்பு இடம் மாறிப் போனதால் வந்த வருத்தமில்லை, வழி குறுகியதால் வந்தது. திருகினால் வழி அகலாது. அமுங்கிக் கிடக்கும் நரம்புதான் மேலும் அடிபடும்.

பயிற்சி செய்தும் மதகுக் கட்டைத் தாண்ட முடியவில்லை, அப்பாவுக்கு நடக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது என்றால், என் ஆலோசனை சத்திரசிகிச்சையின் பக்கம்தான். 67 ஒரு தடையே இல்லை. அப்போது வைத்தியரிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "அழுத்தத்தை எடுப்பது மட்டும் போதுமா, ஸ்குரூ வைத்து எலும்பைப் பூட்டவும் வேண்டுமா?" 2016இல் சுவீடன் நாட்டவர்கள் ஏறத்தாழ 250 பேரை வைத்து நடத்திய ஆய்வில், பூட்டியவர்களுக்கும் அழுத்தம் மட்டும் எடுத்தவர்களுக்கும் இரண்டு வருடத்துக்குப் பின் நடையில் வித்தியாசம் தெரியவில்லை. பூட்டும்போது நேரம், இரத்த இழப்பு, செலவு எல்லாம் கூடும். ஒரு முள்ளென்பு மற்றொன்றின் மேல் வழுகி அசைந்துகொண்டிருந்தால் பூட்டுவதற்கு நியாயம் இருக்கலாம். குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தால் அது தெரியும். எனவே "வேண்டும்" என்று சொன்னால் "ஏன்" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல வைத்தியர் படத்தைக் காட்டி விளக்குவார்.

அண்ணாவுக்கு: தம்பி, உங்கள் பதற்றம் எனக்கு விளங்குகிறது. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பணம் அனுப்புவது ஒன்றுதான் கைக்கெட்டுகிற வேலை. ஆனால் அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. அங்கே கத்தி பிடிக்கிறவர்கள் பலர்தான் மாலையில் தனியார் வைத்தியசாலையிலும் பிடிக்கிறார்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தால் தனியாரிடம் போவது உங்கள் விருப்பம், அதில் தவறில்லை. ஆனால் கொழும்பில் செய்துவிட்டு, தையலோடு இருநூறு மைல் பயணம் செய்து படுவான்கரைக்கு வந்தபின், காயம் சிவந்தால் யாரிடம் காட்டுவது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். நீங்கள் அனுப்ப நினைத்த பணத்தில் ஒரு பகுதியை, உயரமான கட்டிலுக்கும் குந்தாமல் இருக்கத்தக்க கழிவறைக்கும் செலவிட்டால் அப்பாவுக்கு அது உடனே உதவும்.

சத்திரசிகிச்சைக்கு முன் செய்யவேண்டியவற்றில் எல்லாவற்றிலும் முக்கியமானது சீனி. அன்று காலை பார்க்கிற அளவு போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனையைச் செய்து கொப்பியில் ஒட்டுங்கள். அது உயர்ந்திருந்தால் முதலில் அதை இறக்கிவிட்டுத்தான் திகதி வாங்க வேண்டும். பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றையும் சில வாரங்களுக்கு முன்பே விடச் சொல்லுங்கள். காயம் ஆறுவதை அவை கெடுக்கும். அஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை போடுகிறார் என்றால் வைத்தியரிடம் பெயரோடு சொல்லுங்கள். எப்போது நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச் மாதங்களில் முடியும். அதன்பின் செய்துகொண்டால் அடுத்த விதைப்பு ஒக்டோபரில் வரும்வரை அரை வருடம் கையில் இருக்கும். அந்த வருடச் சிறுபோகத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் வைக்காதீர்கள். வெள்ளம் வந்து வீதி மூழ்கினால் கட்டு மாற்றவோ கிளினிக்குக்கோ போக முடியாமல் தவிப்பீர்கள். காயத்தோடு வெள்ளத்துக்குள் இறங்குவது இன்னும் மோசம்.

பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நடக்கவிடுவார்கள். சில நாட்களில் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஊரார் வந்து "அசையாமல் படுங்கள்" என்பார்கள், கேட்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுவதுதான் மருந்து. படுக்கையில் புரளும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பட்டும். தையல் எடுக்கும்வரை கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிப்பதும் வாவியில் இறங்குவதும் கூடாது. முதல் ஆறு வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தூக்கக்கூடாது. உழவு இயந்திரத்தின் குலுக்கலுக்கு மூன்று மாதமாவது பொறுக்கட்டும். அதன்பின் வயலுக்குப் போகலாம், வரம்பில் நடக்கலாம், தண்ணீர் கட்டலாம், ஆட்களை வைத்து வேலை வாங்கலாம். நெல் மூடையைத் தோளில் ஏற்றுவது மட்டும் இனி வேண்டாம். வருடங்கள் போக வேறொரு மட்டத்தில் ஒடுக்கம் வரவும் கூடும். ஆனால் அதற்கிடையில் அவர் நடந்து முடிக்கிற தூரம் அவருடையது.

கிளினிக்குக்குப் போக முன் ஒரு மாலையில் அப்பாவோடு சந்திவரை நடந்து பாருங்கள். அம்மாவும் வரட்டும். எத்தனை மின்கம்பம் தாண்டியதும் கால் கனக்கிறது, எத்தனை நிமிடம் உட்கார்ந்தால் தணிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கிளினிக்கில் நீங்கள் முந்திப் பேசாமல் அப்பாவையே பேசவிடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: காத்திருந்து காத்திருந்து, கதிரையில் உட்கார்ந்தபடி வைத்தியருக்கு முன்னால் போகிற நேரத்தில் அப்பாவுக்கு வலி இருக்காது. கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தாலும் கால் பலமாகவே இருக்கும்; இந்த வருத்தத்தின் இயல்பு அது. அதனால் பார்த்து முடித்து எழுதத் தொடங்கும் முன் நீங்கள் பணிவாகக் கேளுங்கள்: "ஐயா, அப்பாவை வெளி நடைபாதையின் கடைசிவரை ஒருமுறை நடக்கவிட்டுப் பாருங்கள்."